பழைய நெட்புக்கில் லினக்ஸ் போடுவது எப்படி?

பரணில் கிடந்த நெட்புக்கில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டு, அப்பா தமிழில் கடிதம் தட்டச்சு செய்யும் அளவுக்குத் தயார் செய்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் இதே வழியில் செய்து பாருங்கள்.

லேப்டாப்பைச் சுருக்கினால் நெட்புக் என்று நினைத்துத்தான் பலரும் இதில் விண்டோஸ் 10 போட்டு அவதிப்படுகிறார்கள். 2007-ல் வந்த ஆசுஸ் ஈ பிசி 701-க்கு 7 அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி சேமிப்பிடம், அவ்வளவுதான். பின்னால் வந்த 10 அங்குல மாடல்களில் இன்டெல் ஆட்டம் பிராசசரும் பெரும்பாலும் 1 ஜிபி ராமும் இருக்கும். டிவிடி டிரைவ் கிடையாது. இணையம் பார்க்க, எழுத, பையில் போட்டுக்கொண்டு போக என்றே செய்த கருவி இது. அந்த வேலைக்கு இன்றும் போதும்.

முதலில் ஹார்டு டிஸ்கில் உள்ள படங்களையும் கோப்புகளையும் வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிராசசர் எண்ணைப் பாருங்கள். லினக்ஸில் பழைய பிராசசர்களுக்கு 32-பிட், புதியவற்றுக்கு 64-பிட் என இரண்டு வகை உண்டு. நான் இதைப் பார்க்காமல் 64-பிட் லினக்ஸை இறக்கினேன். பூட் ஆகும்போதே பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டது. பென் டிரைவ்தான் கெட்டுவிட்டது என்று மூன்று முறை எழுதிப் பார்த்து ஒரு மாலையே போய்விட்டது. என் நெட்புக்கில் இருந்தது ஆட்டம் என்270 (N270) பிராசசர். அதுவும் என்280-ம் 32-பிட் மட்டுமே. என்450, என்455 என்றால் 64-பிட்டும் ஓடும். ராம் 1 ஜிபிதான் என்றால் அவற்றுக்கும் 32-பிட்டையே போடுங்கள்.

என் தேர்வு ஆன்டிஎக்ஸ் (antiX) 23 என்ற இலகுவான லினக்ஸின் 32-பிட் பதிப்பு. பலரும் பயன்படுத்தும் உபுண்டு லினக்ஸ் பக்கம் போக வேண்டாம், இந்த ராமுக்கு அது மிகவும் கனம். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை வேறொரு விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் (Rufus) என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். ஈ பிசி என்றால் இயக்கியதும் எஸ்கேப் விசையைத் தட்டினால் பூட் பட்டியல் வரும். ஏசர் ஆஸ்பயர் ஒன்னில் எஃப்12. அது வேலை செய்யாவிட்டால் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் எஃப்12 பூட் மெனுவை இயக்கிவிடுங்கள்.

நிறுவியதும், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் (ibus), எம்17என் (m17n) மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்து தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலவழிப்பதானால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போட 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய ஹார்டு டிஸ்க்தான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறது. ராம் அதற்கு அடுத்தது. என்270-ல் 2 ஜிபிக்கு மேல் ஏறாது.

பின்சேர்க்கை: நிறுவும்போது 'அடுத்து' பொத்தானே தெரியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். திரையின் உயரம் 600 பிக்சல்தான் என்பதால் சாளரத்தின் அடிப்பகுதி கீழே மறைந்துவிடுகிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, சாளரத்தை மவுஸால் பிடித்து மேலே இழுங்கள், பொத்தான் தெரியும்.