செம்பனைக் கால்வாய் ஓரத்தில் தட்டான்களை மேக்ரோ லென்ஸில் எடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் தட்டான்களைத் தேடி நெடுந்தொலைவு அலையத் தேவையில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) வரிசைகளுக்கு இடையில் ஓடும் கால்வாய்களின் புல்லோரமே போதும். சிறகின் நுனி மட்டும் கண்ணாடிபோல் இருக்க, மற்ற பகுதியெல்லாம் செம்பழுப்பேறிய ஆண் தட்டான்களையும், பச்சை உடலில் கருவரி படிந்த தட்டான்களையும் அங்கே காணலாம். இவ்விரண்டும் ஓயாமல் வட்டமிடுபவை அல்ல, ஓரிடத்தில் அமர்ந்திருந்து இரை பிடிப்பவை. ஆகையால் புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்றவை.

தோட்டத்துக்குள் இறங்குமுன் மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) ஜாகாவிடமோ (காவலாளி) சொல்லிவிட்டுச் செல்வதே முறை. அன்றைக்கு எந்தப் பக்கம் மருந்தடிக்கிறார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எலிகளைத் தேடி நாகம் வரும் இடமாதலால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் புல்லில் கால் வைக்கக் கூடாது.

தட்டானைத் துரத்துவதில் பயனில்லை. அதன் கண்கள் ஏறத்தாழ எல்லாத் திசையையும் பார்ப்பவை; பின்னால் பதுங்கிச் சென்றாலும் ஏமாறாது. ஆனால் பறந்துபோன தட்டான் பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பி வரும் என்பதால், நம் நிழல் குச்சியின்மேல் விழாதவாறு தாழ்வாக உட்கார்ந்து, குச்சியின் நுனிக்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பது நல்லது. காலை ஏழரை மணியளவில், பனி உலராத புல்லில், உடல் சூடேறாத தட்டான் எளிதில் எழும்பாது. உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்பதை எடுக்க விரும்புவோர் நண்பகலுக்கே வரவேண்டும். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளவே அது அப்படி நிற்கிறது. பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்போரும் உண்டு. அதை நான் படக்கலையாகக் கருதுவதில்லை.

100 மி.மீ. லென்ஸில் முழு 1:1 அளவுக்கு, அதாவது பூச்சியின் உண்மை அளவே சென்சாரில் விழும் அளவுக்குப் போனால் லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் இடையே ஏறக்குறைய 15 செ.மீ. மட்டுமே இருக்கும். முழு உடலை எடுக்க அவ்வளவு நெருக்கம் வேண்டியதே இல்லை. 5 செ.மீ. நீளமுள்ள தட்டான் 36 மி.மீ. அகலச் சென்சாரில் 1:1 அளவில் அடங்காது. 1:2 அளவே, அதாவது பாதி அளவே, போதுமானது. அந்த அளவில் லென்ஸின் துவாரத்தை எஃப்/11 வைத்தால் ஏறக்குறைய 4 மி.மீ. ஆழம் தெளிவாக விழும். 1:1 அளவில் எஃப்/8 வைத்தாலோ ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே பக்கவாட்டில் எடுக்கும்போது சென்சாரும் தட்டானின் உடலும் இணையாக இருக்குமாறு கேமராவைத் திருப்ப வேண்டும். சற்றுக் கோணினாலும் தலை தெளிந்து வால் மங்கிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் கண்ணைக் காப்பாற்றுங்கள். மேனுவல் ஃபோகஸை நிலையாக வைத்துவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண்ணின் நுண்ணறைகள் தெளிந்து வரும் கணத்தில் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுங்கள்.

1:1 அளவில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைந்து கால் பங்காகிவிடுவதால், செம்பனை நிழலில் ஃபிளாஷ் இல்லாமல் சமாளிப்பது கடினம். ஃபிளாஷின் முன் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பால்வெள்ளை டிஃப்யூசர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பளபளப்பான கண்ணில் வெள்ளைப் புள்ளி விழுந்து நிறம் கெட்டுவிடும். ஷட்டரை 1/200 நொடியில் வைத்து, பின்னணி கறுத்துப் போனால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், அல்லது ஓரடி நகர்ந்து, தட்டானுக்குப் பின்னால் வெயில் பட்ட புல் வருமாறு பாருங்கள்.