பேசாமல் ஆடும் டிப்ளமசியில் எதிராளியின் மனதைப் படிப்பது எப்படி?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை எனக்கு. மழை பிடித்தால் பால்வெட்டு நிற்கும், கடைக்கும் ஆள் வராது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அந்த நாட்களில்தான் டிப்ளமசி ஆடப் பழகினேன். இப்போது அக்கா பிள்ளைகளுக்கும் அவர்களுடைய கூட்டாளிகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆலன் காலமர் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1959-ல் வெளியிட்ட பலகை விளையாட்டு இது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு நாடுகள், 34 சப்ளை சென்டர்கள் (இவற்றில் எத்தனை கையில் இருக்கிறதோ அத்தனை படை வைத்துக்கொள்ளலாம்). 18 பிடித்தால் வெற்றி. பகடை கிடையாது. எல்லாரும் தங்கள் படைகளுக்கான ஆர்டரைத் தாளில் எழுதி ஒரே நேரத்தில் திறப்பார்கள். வழக்கமான ஆட்டத்தில் நடுவே பேரம் பேசலாம். ‘கன்போட்’ என்ற வகையில் ஒரு சொல் பேசக்கூடாது. இணையத்தில் ஆடினால் எந்த நாட்டை யார் ஆடுகிறார் என்பதே பெரும்பாலும் மறைந்திருக்கும். எங்கள் பக்கத்தில் 28 சீட்டு ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. இறங்கும் சீட்டைப் பார்த்துத்தானே எதிரே இருக்கும் கூட்டாளியின் கையை ஊகிக்கிறோம்.

பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: “மக்கா, அவன் எங்க போறான்னு மட்டும் பாக்காத, எதைக் காவலில்லாம விட்டுட்டுப் போறான்னு பாரு.” படையை முன்னே நகர்த்த நூறு காரணம் இருக்கும். ஆனால் ஒருவர் தன் எல்லையைத் திறந்துபோட்டுப் போனால், அந்தப் பக்கத்துக்காரரை நம்புகிறார் என்று அர்த்தம். யாரை நம்புகிறார் என்று தெரிந்தால், யாரை அடிக்கப் போகிறார் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

1901 வசந்தத்தில், அதாவது ஆட்டத்தின் முதல் ஆர்டரிலேயே, ரஷ்யாவைப் பாருங்கள். செவஸ்தபோல் கப்பல் கருங்கடலுக்குப் போக முயல்வது சகஜம். துருக்கியின் அங்காரா கப்பலும் அங்கேயே வந்து முட்டி, இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இதை வைத்து இருவருக்கும் பகை என்று முடிவு கட்டாதீர்கள். கதவைச் சாத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ரஷ்யா கருங்கடலைத் தொடாமல் கப்பலை ருமேனியாவுக்கு அனுப்பினால் அது பெரிய சேதி. துருக்கியை நம்புகிறது. கூடவே வார்சா படை கலீசியாவுக்குப் போனால் குறி ஆஸ்திரியா. மாஸ்கோ படை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனால் நார்வே பக்கம், இங்கிலாந்தோடு உரசல். துருக்கியில் ஸ்மிர்னா படை ஆர்மீனியாவுக்குள் நுழைந்தால் அதற்குச் சமாதான விளக்கம் ஏதும் இல்லை. அங்கிருந்து செவஸ்தபோலைத் தவிர போகத் தகுந்த இடம் கிடையாது.

சில நகர்வுகள் இரண்டு பக்கமும் வெட்டும். இத்தாலியின் வெனிஸ் படை டைரோலியாவுக்குப் போனால் அது ஆஸ்திரியாவின் வியன்னாவையும் தொடுகிறது, ட்ரியெஸ்டையும் தொடுகிறது, ஜெர்மனியின் மியூனிக்கையும் தொடுகிறது. அந்தப் படையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. ரோம் படை எங்கே போனது என்று பாருங்கள். வெனிஸுக்கு ஏறியிருந்தால் ட்ரியெஸ்டைத்தான் நெருக்குகிறார்.

இன்னொன்று, வரைபடத்தை மட்டும் பார்த்து ஆடாதீர்கள். முட்டித் திரும்பிய ஆர்டர் வரைபடத்தில் தெரியாது. போன பருவத்து, அதாவது போன சுற்றின், ஆர்டர் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அசையாமல் நிற்பது போலத் தெரியும் படை உங்கள் வீட்டுக்குள் வர முயன்று தோற்றிருக்கலாம். ஒருவருடைய எல்லாப் படைகளும் ‘நில்’ என்றே இருந்தால் அது பெரும்பாலும் சமாதானமல்ல, ஆர்டர் போடாமல் விட்டிருக்கிறார். அதில் உள்நோக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, நாம் எப்படிப் பேசுவது? சப்போர்ட் ஆர்டர் மூலம்தான், அதாவது நம் படை நகராமல் இன்னொரு படைக்குப் பலம் கூட்டுவது. இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. அடுத்த நாட்டுப் படை நின்ற இடத்தில் நிற்க நாம் சப்போர்ட் கொடுக்கலாம். பர்கண்டியில் பிரான்ஸ் படை, மியூனிக்கில் ஜெர்மனி படை என்று வைத்துக்கொள்வோம். பிரான்ஸ் உள்ளே பாயாமல் மியூனிக்குக்கே சப்போர்ட் எழுதினால், ‘உன்னோடு எனக்குச் சண்டையில்லை’ என்று எல்லார் முன்னாலும் சொன்னதுபோல. ஒருமுறை போதாது, அடுத்த பருவத்திலும் எழுதுங்கள். அவரும் ஒரு படையை எல்லையிலிருந்து எடுத்தால் பதில் வந்துவிட்டது.

யோசனையும் சொல்லலாம். நீங்கள் துருக்கி, பல்கேரியாவில் படை இருக்கிறது. ருமேனியாவில் ரஷ்யா, செர்பியாவில் ஆஸ்திரியா. ‘ருமேனியா படை செர்பியாவுக்குப் போக பல்கேரியா சப்போர்ட்’ என்று எழுதுங்கள். ரஷ்யா அந்த நகர்வைப் போடாவிட்டால் உங்கள் ஆர்டர் பலிக்காது. ஆனால் முடிவு திறக்கும்போது அவர் அதைப் படிப்பார். கூட்டு அவருக்குச் சம்மதமென்றால் அடுத்த பருவம் வருவார். பல்கேரியாவுக்கு வேறு அவசர வேலை இல்லாத பருவமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

குளிர்காலத்தில் புதிய படை கட்டுவார்களே, அதைவிட நேர்மையான பேச்சு இந்த ஆட்டத்தில் இல்லை. பிரெஸ்டில் கப்பல் கட்டும் பிரான்ஸ் இங்கிலாந்தைப் பார்க்கிறது, மார்செயில் கட்டினால் இத்தாலியை. துருக்கி ஸ்மிர்னாவில் கப்பல் கட்டினால் மத்தியதரைக் கடல், அங்காராவில் கட்டினால் ரஷ்யா. ரஷ்யா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வடகரையில் கப்பல் இறக்கினால் இங்கிலாந்து தூங்கக் கூடாது. கட்டிய கப்பலை அவ்வளவு எளிதில் வேறு பக்கம் திருப்ப முடியாது, அதனால்தான் இதை நம்பலாம்.

இதெல்லாம் கண்ணில் பட, வழக்கமான ஆட்டம் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வழக்கம் தெரிந்தவருக்குத்தான் மீறல் தெரியும். 2022-ல் மெட்டா ஆய்வாளர்கள் ‘டிப்ளோடோகஸ்’ என்ற கணினி நிரலைப் பேச்சில்லாத டிப்ளமசிக்காக உருவாக்கி, 62 மனிதர்கள் கலந்துகொண்ட 200 ஆட்டப் போட்டியில் இறக்கினார்கள். இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடிய எல்லாரையும்விட அதன் இரண்டு வடிவங்களும் சராசரியில் கூடுதல் புள்ளி எடுத்தன. தனக்குத்தானே ஆடிக் கற்கும்போதும் மனிதர்கள் ஆடும் முறையிலிருந்து ரொம்ப விலகாதபடி அதைப் பழக்கியிருந்தார்கள். எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. மனிதரோடு கூட்டுச் சேர மனிதர் வழக்கம் தெரிய வேண்டும்.

பழக ஒரு வழி சொல்கிறேன். முடிவு திறப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் பக்கத்து நாட்டுக்காரர்களின் ஆர்டரை அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே எழுதுங்கள். திறந்த பிறகு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்போனவற்றை விட்டுவிட்டு, ஒத்துப்போகாத வரிகளில் நேரம் செலவிடுங்கள். அவருக்கு யார் மேல் பயம், யார் மேல் நம்பிக்கை என்பது அங்கேதான் கிடக்கும்.

அப்புறம், யாராவது 14, 15 சென்டரைத் தொட்டுவிட்டால் பழைய கணக்கெல்லாம் மாறும். அதுவரை உங்களோடு மோதியவரே இப்போது உங்களுக்குத் தேவை. அவர் சைகை காட்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். எல்லையிலிருந்து ஒரு படையை நீங்களே பின்னால் எடுத்து, முன்னணியில் இருப்பவருக்கு எதிரே நிறுத்துங்கள். அவரும் ஒன்றைத் திருப்பினால் அடுத்த பருவத்தில் மிச்சத்தையும் திருப்பலாம். அவர் அந்தக் காலி இடத்துக்குள் நுழைந்தால், அவரோடு கூட்டு நடக்காது. மூன்றாவது ஆளைத் தேடி, அவர் படைக்குச் சப்போர்ட் எழுதத் தொடங்குங்கள்.