பிரேக் பூஸ்டர் இல்லாத பழைய காருக்குப் புதுப்பேட்டை பூஸ்டர்: முதல்முறை மாட்டுபவர்களுக்கு

பூஸ்டர் என்பது இன்ஜினின் உறிஞ்சலை (வேக்குவம்) வைத்து பிரேக் மிதிக்கு உதவும் டப்பா. அதைப் போட்டால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். காலால் மிதிக்கும் பலம்தான் குறையும். தேய்ந்த பேடையும் டிரம்மையும் முதலில் சரிசெய்துவிடுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில், உங்கள் மாடலிலேயே பூஸ்டரோடு வந்த வண்டியின் பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் (மிதியை ஆயில் அழுத்தமாக்கிச் சக்கரங்களுக்கு அனுப்புவது), பெடலோடு அதன் பிராக்கெட், வேக்குவம் ஹோஸின் ஒருவழி வால்வு நான்கையும் ஒரே செட்டாகக் கேளுங்கள். பெடலை விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடலின் நெம்பு விகிதம் சுமார் 6:1, பூஸ்டர் வண்டியில் சுமார் 4:1. பழைய பெடலே இருந்தால் லேசாகத் தொட்டாலே சக்கரம் லாக் ஆகும்.

கடையிலேயே மாஸ்டரைக் கழற்றி, பூஸ்டர் முகத்தை விரலால் தடவுங்கள். பிசுபிசுவென்று ஈரம், உரிந்த பெயின்ட் இருந்தால் பிரேக் ஆயில் உள்ளே இறங்கி டயாஃப்ரம் (பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) ஊறியிருக்கும், வாங்காதீர்கள். காய்ந்திருந்தால் பூஸ்டரில் வேக்குவம் கைப்பம்பு வைத்து 20 அங்குலம் (பாதரச அளவு) வேக்குவம் இழுங்கள். அரை நிமிடம் முள் இறங்கக்கூடாது.

மாஸ்டரின் உள்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் சும்மா நின்ற வண்டியில் துருக்குழி விழும். நகம் மாட்டினால் புது கிட் போட்டாலும் ஒழுகும். வாஷர், பிரேக் ஹோஸ் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு கழுவினால் ரப்பர் ஊதிவிடும்; புது பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள்.

மாட்டும்போது உயிர்நாடி, பூஸ்டர் கம்பிக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. கம்பி நுனியில் சின்ன களிமண் உருண்டை ஒட்டி, கேஸ்கெட்டோடு மாஸ்டரை இறுக்கிக் கழற்றி, நசுங்கிய தடிமனை வெர்னியரால் அளங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெடல் ஆழமாக இறங்கும். இடைவெளியே இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை மூடியே நிற்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் தானாகப் பிடித்துச் சக்கரம் கொதிக்கும். கம்பியின் நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

வேக்குவம் ஹோஸை இன்டேக் மேனிபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்), த்ராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இணையுங்கள். இதற்குப் பெட்ரோல் டியூபைப் போட்டால் உறிஞ்சலில் சப்பிவிடும். தடித்த வேக்குவம் ஹோஸ்தான் வேண்டும். டீசல் வண்டிக்குத் தனி வேக்குவம் பம்பு தேவை.

மாஸ்டரை வைஸில் பிடித்து, உள்ளே ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து), பின் மாட்டுங்கள். முன்-பின் என்று லைன் பிரிந்த வண்டியில் மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள்.

இன்ஜினை அணைத்து பெடலை ஐந்து முறை மிதியுங்கள், கட்டையாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் ஓர் இழை கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸோ வால்வோ லீக். மிதிக்கும்போது இன்ஜின் தடுமாறி 'ஸ்ஸ்' சத்தம் நிற்காமல் வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. எல்லாம் சரியென்றால், ஆளில்லாத மைதானத்தில் நடை வேகத்தில் முதலில் பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்திலும் புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை. நான்கும் சூடென்றால் பூஸ்டர் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மறுபடி அளங்கள்.