டர்பன் ஈரக்காற்றில் ரெசின் விண்வெளி வீரர்: கழுவுவதிலிருந்து கடைசி வார்னிஷ் வரை

ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) பொம்மையில் அடித்த பெயிண்ட் தோலாக உரிந்து வந்தால், பெரும்பாலும் பெயிண்டில் குற்றம் இருக்காது. கழுவாமல் விட்டதுதான் காரணம். சிலிக்கோன் அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வருவதற்குத் தடவும் எண்ணெய்ப்பசை ரெசின்மீது படிந்திருக்கும். அதன்மேல் எதுவும் பிடிக்காது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சன்லைட் லிக்விட் சில சொட்டு விட்டு, பாகங்களை அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் கவசத்தின் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், ஆன்டெனா போன்ற மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். பெட்டியிலேயே வளைந்து வந்த பாகம் என்றால், கை பொறுக்காத சூட்டில் ஒரு நிமிடம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் முக்குங்கள், அப்படியே நிற்கும்.

ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளை எப்போதும் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் கட்டாயம். 400 எண் தாளில் தொடங்கி 600, 800 என்று நைசான தாளுக்குப் போனால் அச்சின் விளிம்புக்கோடு மறையும். காற்றுக்குமிழி விட்ட ஊசித்துளைகளைச் சூப்பர் குளூ அடைத்துவிடும். பெரிய ஓட்டைக்கும் மூட்டு இடைவெளிக்கும் எபாக்சி பட்டி. அதன் இரண்டு பகுதிகளையும் சம அளவில், ஒரே நிறமாகும்வரை பிசையாவிட்டால் இறுகாது.

பிளாஸ்டிக் மாடலுக்கான சிமென்ட் என்னும் பசை ரெசினைக் கரைக்காது, அதனால் ஒட்டவும் ஒட்டாது. கை, கால், தலை என்று பாரம் தாங்கும் மூட்டுகளில் 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி, சூப்பர் குளூ வையுங்கள். முழுப் பொம்மையும் ஒற்றைக் காலில் நிற்கிறதென்றால் 2 மி.மீ. கம்பியும் எபாக்சி பசையும்.

அடுத்தது பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. டர்பன்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இங்கே கோடையில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு வெளுத்துப் போகும் அல்லது சொரசொரக்கும். மலிவான ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு ஸ்ப்ரே வேலையை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முற்பகல் நேரம் நல்லது. ஆனால் உள்நாட்டிலிருந்து வெப்பமான பெர்க் காற்று வீசும் நாளில் ஈரம் குறைந்திருக்கிறதே என்று ஆசைப்பட்டு வெளியே அடிக்காதீர்கள். துளிகள் பொம்மையைச் சேருமுன்பே காய்ந்து, மணலாக ஒட்டும். 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜொகன்னஸ்பர்க்கில் குளிர்காலம் முழுக்க இதே தொல்லைதான். அங்கே இன்னும் அருகிலிருந்து அடிக்க வேண்டும், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவி) பெயிண்டில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில துளி சேர்க்க வேண்டும்.

கேனை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 செ.மீ. தூரத்தில் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் நிறுத்துங்கள். ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய கோட் மேல். சாம்பல் நிறப் பிரைமர் ஏறியதும் அதுவரை கண்ணில் படாத துளையெல்லாம் தெரியவரும். திரும்பவும் பட்டி பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் அடித்து, 24 மணி நேரம் காயவிடுங்கள்.

கவசத்துக்கு ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் டர்பனில் தண்ணீர்த் துளி நிச்சயம் தெறிக்கும். பளபளக்கும் உலோக நிறம் வேண்டுமானால் அடியில் கிளாஸ் (பளபளப்பான) கறுப்பு அடியுங்கள். உராயும் இடங்களான முழங்கால், முழங்கை, பைவார் விளிம்புகளில் மட்டும் ஸ்பான்ஜ் துண்டால் கரும்பழுப்பை ஒற்றி எடுத்தால் தேய்மானம் நம்பும்படி இருக்கும். எல்லா விளிம்பிலும் ஒற்றினால் துருப்பிடித்த தகரம்போலாகிவிடும்.

கோயில் சுதைச் சிற்பத்தில் கண் திறப்பது கடைசி. இந்தப் பொம்மையின் முகத்தில் அதுதான் முதல், ஏனென்றால் பிசகினால் இமையின் தோல் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம். விழிவெண்மைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், துளி தோல்நிறம் கலந்துகொள்ளுங்கள். கருவிழியின் மேல்விளிம்பை இமை கொஞ்சம் மறைக்கட்டும். முழு வட்டமாகத் தெரிந்தால் முகம் திகைத்து நிற்கும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. நம்மைப் போன்ற மாநிறத்துக்கோ கறுப்புக்கோ மேடான இடங்களை வெள்ளை கலந்து வெளுக்காதீர்கள், சாம்பல் பூத்துவிடும். மஞ்சள் காவியும் சிறிது ஆரஞ்சும் கலந்தால் தோல் உயிரோடிருக்கும்.

பிறகு அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷ். அது காய்ந்ததும் கரும்பழுப்பு ஆயில் கலரை வாசமில்லாத மினரல் ஸ்பிரிட்டில் ஒன்றுக்குப் பத்தாகக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுங்கள். ஆயில் காய மூன்று நாளாவது விட்டு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடியுங்கள். அதற்கும் ஈரமானியைப் பார்த்தே தீர வேண்டும். பனிபோல் வெளுத்துவிட்டால் காய்ந்த நாளொன்றில் மேலே ஒரு மெல்லிய கிளாஸ் கோட் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளியும். அது காய்ந்தபின் மறுபடி மேட்.

ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியை எல்லாம் முடிந்தபிறகே பொருத்துங்கள். சூப்பர் குளூவின் ஆவி அதை மங்கலாக்கிவிடும். வெள்ளைப் பசையே போதும்.