கொங்குப் பக்கம் புதுசா குடிவந்து வண்டி வாங்குறீங்களா? ஆயில் லைட்டைக் கவனிங்க

மலேசியாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குடிவருகிறவர்கள், வீடு அமைந்த கையோடு ஒரு பழைய காரையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் மாற்றுவதைப் பற்றிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. டேஷ்போர்டில் எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். வண்டி பார்க்கப் போகும்போதே கவனியுங்கள். சாவி போட்டும் எரியவில்லையா? பல்பு போயிருக்கலாம், யாராவது வேண்டுமென்றே வயரைக் கழற்றியும் விட்டிருக்கலாம். ஆறிய இன்ஜினில் ஒழுங்காக இருந்துவிட்டு, அரை மணி நேரம் ஓடிச் சூடானபின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) மட்டும் மினுக்கினால் பேரிங்கோ ஆயில் பம்போ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்பவர்களும் உண்டு. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் பேச்சே வேண்டாம், ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சில வண்டிகளில் ஆயில் அளவு குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும், அது வேறு. சிவப்பு என்றால் ஆயில் அழுத்தமே விழுந்துவிட்டது. இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்குக்கும் அதன் பேரிங்குகளுக்கும் இடையே ஆயில் படலம் இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசும், சில நிமிடங்களில் இன்ஜின் இறுகிச் சீஸ் ஆகிவிடலாம். “ஒர்க்‌ஷாப் ரெண்டு கிலோமீட்டர்தானுங்க, மெதுவா உருட்டிட்டுப் போயிரலாமுங்க” என்று பக்கத்து சீட்டுக்காரர் பிரியமாகத்தான் சொல்வார். கேட்காதீர்கள். ஆயிலோடு முடிய வேண்டிய செலவு அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான் கிராங்க் வரை போகிறது.

அவிநாசி, பெருந்துறை வழியாகப் போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலை என்றால் ஹஸார்டு லைட்டைப் போட்டு நின்றுகொண்டு நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிடலாம். மலைப்பாதைதான் சிக்கல். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினால் 40. இறங்கும்போது பதறி, வண்டி நகர்கையிலேயே இன்ஜினை அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். முழுசாக நின்று, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு அணையுங்கள். திம்பம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பானெட்டைத் திறக்கிறேன் என்று இறங்கி நிற்க வேண்டாம். போனில் சிக்னல் இல்லாவிட்டால், வரும் பஸ் டிரைவரிடம் செக்போஸ்ட்டில் சொல்லச் சொல்லுங்கள்.

பாதுகாப்பான சமதளத்தில் நிற்கிறீர்கள் என்றால், பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றால் மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றலாம். அப்படியே குனிந்து வண்டிக்கு அடியிலும் பாருங்கள். நம் கிராமத்துச் சாலைகளில் பெயின்ட் இல்லாத வேகத்தடைகள் அதிகம், இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி (சம்ப்) அடிபட்டு ஒழுகுவது புதிதல்ல. அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தாலோ, ஊற்றியபின்னும் அணையாவிட்டாலோ, மறுபடி ஸ்டார்ட் செய்து சோதிக்காதீர்கள்.

கெட்டது விளக்கை எரியவைக்கும் சென்சாரான பிரஷர் சுவிட்ச் மட்டுமாகவும் இருக்கலாம், அது சின்னச் செலவுதான். ஆனால் அதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியை (கேஜ்) மாட்டி அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிகளும் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ஓடுகிற ஊர் இது, இன்ஜின் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. கேஜ் மாட்டாமலே “சென்சார்தானுங்க” என்பவரிடம் மட்டும் வண்டியை விடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், கியர்பாக்ஸும் சேர்ந்து போகும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியாகக் கேளுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே சாலையோர உதவியையும் சேர்த்து, அந்த எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள்.