குளிர்காலத்தில் இதமான நாட்களை எண்ணுவது எப்படி? மூணாறிலிருந்து ஒரு கணக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் ரூம் கேட்டு போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அண்ணே, குழந்தை இருக்கு, குளிர் ரொம்ப இருக்குமா?" டிவியில் மூணாறை அடுத்த செண்டுவாரைப் பக்கம் புல்வெளி உறைபனியால் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த வெள்ளையைப் பார்த்து பயணத்தை ரத்து செய்கிறவர்கள்தான் நல்ல நாட்களைக் கோட்டை விடுகிறார்கள்.

எது இதமான நாள் என்று முதலில் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். பகல் உச்ச வெப்பம் 18 முதல் 30 டிகிரி செல்சியஸ். மழை 1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிப்புள்ளி 20 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்கில் உலகச் சராசரி வருஷத்துக்கு 74 நாள்தான். ராத்திரிக் குளிரை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை, கவனியுங்கள்.

அதை வைத்து எங்கள் ஊரைப் பாருங்கள். உறைபனி விழ, மேகமில்லாத வானமும் அசையாத காற்றும் வேண்டும். தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் தேயிலை பச்சையாக இருக்கும்போதே ஓடைக்கரைப் புல் வெளுத்துக் கிடக்கும். பனியடித்த கொழுந்து வெயில் ஏற ஏறச் சுருண்டு, தீயில் வாட்டியது மாதிரி கருகிவிடும். எஸ்டேட்டுக்கு நஷ்டம்தான். ஆனால் அதே தெளிந்த வானம்தான் பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயிலைத் தருகிறது. மதியம் 20-ஐத் தாண்டிவிடும். உறைபனி விழுந்த காலையும் இதமான பகலும் பெரும்பாலும் ஒரே தேதியில்தான் வரும். மூடாப்பும் தூறலுமாக வடகிழக்குப் பருவமழை இழுத்தடிக்கும் நாளில் ராத்திரி அவ்வளவு குளிராது, ஆனால் பகல் உருப்படாது. எங்கள் குளிர்காலத்தைக் கெடுப்பது மேகம்தான்.

சொந்தமாக எண்ண விரும்பினால், உச்சமும் தாழ்வும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நிழலில், காற்றாட, தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். தகரக் கூரைக்கடியில் மாட்டினால் கூரையின் சூட்டைத்தான் அளப்பீர்கள். இன்னொன்று, தெர்மாமீட்டர் 2, 3 டிகிரி காட்டும்போதே தரையில் உறைபனி இருக்கலாம். புல் நுனி காற்றைவிடச் சீக்கிரம் குளிரும். மொபைல் காட்டும் எண்ணை மலையில் அப்படியே நம்பாதீர்கள். அது சுற்றுவட்டாரத்துக்கே ஒரு எண்ணைக் கொடுக்கும். இங்கே ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும்.

வேறு ஊர்களோடு ஒப்பிடும்போது மாதச் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜனவரியில் லண்டனுக்கும் அமெரிக்காவின் டென்வருக்கும் பகல் உச்சச் சராசரி ஏறக்குறைய ஒன்றுதான், 8 டிகிரி பக்கம். ஆனால் லண்டனில் கடல்காற்று வெப்பத்தைப் பெரிதாக ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. 18-ஐத் தொடும் நாள் அநேகமாக வராது. டென்வரில் ராக்கி மலையிலிருந்து சினூக் என்கிற சூடான வறண்ட காற்று இறங்கினால் நடுக்குளிர்காலத்திலும் அப்படி ஒரு நாள் வந்துவிடும். அதே காற்றால் தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 அன்று இரண்டே நிமிஷத்தில் மைனஸ் 20-லிருந்து 7 டிகிரிக்கு எகிறியது! ஆக, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று பாருங்கள். தினசரிப் பதிவை எடுத்து நாள் நாளாக டிக் அடியுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜனவரிச் சராசரியே 20 பக்கம் இருப்பதால் டிக் நிறைய விழும். மாஸ்கோவுக்கு வேலையே இல்லை.

கீழே பாலக்காட்டில் ஜனவரியிலும் பகல் 30-ஐத் தாண்டிவிடும். கணவாய் வழியாக வரண்ட கிழக்குக் காற்று அடித்தாலும் இந்தக் கணக்கில் அந்த நாள் சேராது. சிங்கப்பூரில் ஈரமே காரியத்தைக் கெடுத்துவிடும்.

அப்புறம், ரூம் போடுவதானால் பொங்கலை ஒட்டி, மேகம் விலகியதும் வாருங்கள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது ராத்திரிக்குத்தான். அதற்குக் கம்பளி தருகிறோம். அதுவும் தாங்காது என்றால் நாற்பது கிலோமீட்டர் இறங்கி மறையூரில் தங்குங்கள். மழைமறைவுப் பகுதி, உயரமும் குறைவு. கரும்புத் தோட்டத்துக்கு நடுவே சாயங்காலம் ஸ்வெட்டர் இல்லாமல்கூட நடக்கலாம்.