இராமநாதபுரம் கடற்கரைக்குச் செல்வோர் கவனத்துக்கு: ஊர்ச் சந்திப்புகளும் உதவிகளும்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, பாம்பன், தங்கச்சிமடம் என்று நீளும் இக்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சென்று குடியேறியவர்கள், விடுப்பில் வரும்போது உறவினரைப் பார்ப்பதோடு ஊருக்கும் ஏதாவது செய்துவிட்டுப் போக விரும்புகிறார்கள். அந்த விருப்பம் பயன்பட வேண்டுமானால், ஊராரின் நாளும் பொழுதும் எப்படிப் போகின்றன என்பதை அறிந்து அதற்கேற்பச் சந்திப்புகளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இராமேசுவரம் பகுதி விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குச் சென்று மறுநாள் கரை திரும்புகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. படகு திரும்பும் காலையில் மீன் இறக்குவது, தரம் பிரிப்பது, ஏலம் விடுவது என்று ஆணும் பெண்ணும் ஓய்வின்றி இருப்பார்கள். நான் முதன்முதலில் கூட்டிய கூட்டத்தை, எல்லோருக்கும் விடுமுறை நாள்தானே என்று நினைத்து ஒரு ஞாயிறு காலையில் வைத்தேன். படகு திரும்பிய வேலையும் கோயில் திருப்பலியும் சேர்ந்துகொண்ட அந்த நேரத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். அதன்பிறகு ஊர்த் தலைவர், பங்குத்தந்தை, ஜமாஅத் பெரியவர்கள் ஆகியோரில் அந்தந்த ஊருக்கு உரியவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் குறித்துக் கொடுக்கும் பிற்பகலையே ஏற்றுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்கள் படகைப் பழுதுபார்த்துக்கொண்டு கரையில் இருப்பதால் சந்திப்பது எளிது. ஆனால் வருமானம் நின்றுபோன அந்த நாட்களில் நீங்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லும் ஒரு சொல்லும் வாக்குறுதியாகவே கொள்ளப்படும் என்பதை மறக்கக் கூடாது. பள்ளிகளுக்கு உதவ வருவோர், கோடை விடுமுறை முடிந்த பிறகு வருவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பயண நாட்களை நெருக்கமாக அடுக்காதீர்கள்.

கடற்பாசி எடுக்கும் பெண்களைச் சந்திக்க விரும்பினால் கடல் வற்றிப் பெருகும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவானது முதல், பிழைப்புக்கும் கடல் பாதுகாப்புக்கும் நடுவே வழி தேடிவரும் பெண்கள் இவர்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி தீவுகளின் சூழலைக் காப்போருக்குத் தரப்படும் பன்னாட்டுச் சீகாலஜி விருதை 2015-இல் பெற்றார். இவர்களிடம் கடலைக் காப்பது பற்றிச் சொற்பொழிவாற்றாமல், அவர்கள் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதே நாம் செய்யத்தக்கது.

நல்ல மனத்தோடு வருவோர் அதிகம் இடறும் இடம் பணம். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தரும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பாகும். இங்கே வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அதுவே நிலை. அச்சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம் மட்டுமே, புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாக அதைப் பெறலாம். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் இயலாது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை செய்வோர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதற்கு இத்தடை இல்லை. ஆகவே உறையில் பணம் வைத்து நீட்டுவதற்கு முன் உங்கள் கடவுச்சீட்டையும் அவர்களுடைய பதிவையும் பாருங்கள். விதி மீறினால் வழக்கையும் விசாரணையையும் சுமக்க நேர்வது உள்ளூர்க்காரர்கள்தாம். சிறிய மகளிர் குழுக்களுக்கு உதவ எளிய வழி, அவர்கள் செய்யும் ஓலைப்பெட்டியையும் கருப்பட்டியையும் பேரம் பேசாமல் உரிய விலைக்கு வாங்குவதாகும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர, 2022-இல் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் இருக்கிறது.

காப்பகங்களின் பதிவைக் கட்டாயம் பாருங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அந்த மண்ணில் நின்று நன்கொடை கொடுக்கும் எவருக்கும், அந்த இல்லம் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா, இரவில் யார் பொறுப்பில் இருக்கிறார்கள், வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்று கேட்கும் கடமை உண்டு. அங்குள்ளவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் உறவினர் இருப்பவர்கள், முகாமுக்குள் செல்ல மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே கோர வேண்டும். அனுமதி கிடைக்கவில்லையென்றால் உறவினரை வெளியே சந்திக்கலாம்.

உங்களுக்காக ஊர் ஊராக அலைந்து ஆட்களைக் கூட்டும் இளைஞர்கள், பெரும்பாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். பெட்ரோல் செலவு, அலைபேசிச் செலவு, சாப்பாடு, விட்டுப்போன கூலி ஆகியவற்றை அவர்கள் கேட்பதற்கு முன்பே கணக்கிட்டு அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் என்ன பேசப்பட்டது, நீங்கள் எதை ஒப்புக்கொண்டீர்கள், எதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெரியவரிடம் ஒரு படியும் மகளிர் குழுவிடம் ஒரு படியும் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.